மிக்சிக்காக வாங்கிய மின்மாற்றி: எடிசன் நகரில் மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அமெரிக்காவுக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பம் பெட்டி கட்டத் தொடங்கியதும் வீட்டில் எழுகிற முதல் வாக்குவாதம் பெரும்பாலும் மிக்சியைப் பற்றியதாகவே இருக்கும். எடுத்துப் போகாதே, அங்கே ஓடாது என்று ஒருவர் சொல்வார். ஒரு பெட்டியை வாங்கி இடையில் மாட்டினால் ஓடும் என்று மற்றொருவர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். அந்த 'ஒரு பெட்டி'யை, அதாவது 120 வோல்ட்டை இரட்டிப்பாக்கிக் கொடுக்கும் மின்மாற்றியை, நியூ ஜெர்சி மாநிலத்தின் எடிசன் நகரில் மூன்று ஆண்டுகள் நாள்தோறும் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். ஊரில் இருந்தபோது பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றின் மின்னியல் ஆய்வகத்தில் பணியாற்றியவள் என்பதால், பெட்டியைத் திறந்து பார்க்கவும் அளந்து பார்க்கவும் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஆனாலும் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி ஆய்வகத்தில் தெரியாமல் சமையலறையில் மட்டுமே தெரியவந்தவை.

நான்கு பேர், ஆளுக்கு 23 கிலோ கொண்ட இரண்டு பெட்டிகள். அவற்றில் ஒரு பெட்டியின் பாதியை 750 வாட் மிக்சியும் அதன் மூன்று ஜார்களும் அடைத்துக்கொண்டன. இன்னொரு பெட்டியில் இரண்டு லிட்டர் கிரைண்டரைக் கற்கள் தனியாகவும் பாத்திரம் தனியாகவும் துணிகளுக்கு நடுவே வைத்துக் கட்டினோம். வந்து சேர்ந்த மறுநாள் மாலை, பிளக்கின் முள்ளை மட்டும் மாற்றித் தரும் அடாப்டர் ஒன்றில் என் கணவர் மிக்சியைச் சொருகினார். மிக்சி சுற்றியது, ஆனால் சத்தம் கம்மிய குரலைப் போல இருந்தது, தேங்காய் துண்டுதுண்டாகவே கிடந்தது. வழியில் அடிபட்டு மிக்சி கெட்டுவிட்டது என்று வீட்டில் எல்லோரும் வருந்தினார்கள். கெடவில்லை. 230 வோல்ட்டுக்காகச் செய்த மோட்டாருக்குப் பாதி அழுத்தம் கிடைத்தால் அதன் திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். அதே அளவு தவறு எதிர்த்திசையில் நடந்தால், அதாவது அமெரிக்காவில் வாங்கிய 120 வோல்ட் பிளெண்டரை ஊருக்குக் கொண்டுபோய் நம் சாக்கெட்டில் சொருகினால், சில நொடிகளில் புகை வந்துவிடும். அந்த வகையில் இங்கு வருகிறவர்களின் தவறு அவ்வளவு ஆபத்தில்லாத தவறு.

இந்த நாட்டு மின்னழுத்தம் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது என்று கேட்ட என் மகளுக்கு, நாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரைத்தான் பதிலாகச் சொன்னேன். தாமஸ் ஆல்வா எடிசன் 1876-இல் மென்லோ பார்க்கில் ஆய்வகம் அமைத்த இடம் இதுதான். அந்த நினைவாகவே இவ்வூருக்கு 1954-இல் எடிசன் என்று பெயர் மாற்றினார்கள். 1882 செப்டம்பரில் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் அவர் தொடங்கிய மின்நிலையம் அன்றைய கார்பன் இழை விளக்குகளுக்கு ஏற்ற ஏறத்தாழ 110 வோல்ட்டில் மின்சாரம் வழங்கியது, அந்த எண்தான் சற்று உயர்ந்து 120 ஆகி இன்றுவரை இங்கே நின்றுவிட்டது. ஐரோப்பிய நகரங்கள் பிற்பாடு 220-க்கு மாறிக்கொண்டன, நாம் ஆங்கிலேயர் வழியில் 230-க்கு வந்து சேர்ந்தோம். எடிசன் வழங்கியது நேர்மின்சாரம். மின்மாற்றியோ மாறுமின்சாரத்தில் மட்டுமே வேலை செய்யும். அவருடைய திட்டம் வென்றிருந்தால் அவர் பெயர் கொண்ட ஊரில் என் மிக்சியை ஓட்ட எந்தப் பெட்டியும் உதவியிருக்காது.

நாங்கள் வாங்கியது அட்டைப்பெட்டியில் 1500 வாட் என்று அச்சிட்ட மின்மாற்றி. வரி நீங்கலாக 80 டாலருக்குச் சற்றுக் குறைவான விலை. 750 வாட் மிக்சிக்கு 1500 எதற்கு என்று கணவர் கேட்டார். மோட்டார் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை ஒரு நொடிக்குள் இழுக்கும். அத்துடன், இந்த வகைப் பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு தொடர்ந்து தாங்கும் அளவாக இருப்பதில்லை, சிறிது நேரம் தாங்கும் உச்ச அளவாகவே பெரும்பாலும் இருக்கிறது. ஆகவே ஓட்டப்போகும் கருவியின் வாட்டைப் போல இரு மடங்காவது இருக்க வேண்டும் என்பது வாங்குபவர் மனதில் வைக்க வேண்டிய கணக்கு. ஆயிரம் வாட் பெட்டியை வாங்கி இருபது டாலர் மிச்சம் பிடித்த நண்பர் வீட்டில், உளுந்து போட்டவுடன் பெட்டியின் ஃபியூஸ் போவது மாதத்துக்கு இருமுறை நடக்கும் நிகழ்ச்சியாக இருந்தது.

பெட்டி ஏறத்தாழ எட்டு கிலோ எடை. கறுப்பு இரும்புத் தகட்டு உறை, மேலே கைப்பிடி, முன்புறம் சிவப்பு விளக்கு கொண்ட ஸ்விட்ச், எல்லா நாட்டு முள்களையும் ஏற்கும் என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு 220 வோல்ட் சாக்கெட்டுகள், பின்புறம் ஃபியூஸும் 110, 220 என்று எழுதிய ஒரு தேர்வு ஸ்விட்சும். உள்ளே இருப்பது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் என்னும் வகை; உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே சுருள்தான், தனித்தனிச் சுருள்கள் இல்லை. அதனால்தான் இந்த எடையிலும் விலையிலும் கொடுக்க முடிகிறது. முன்புற ஸ்விட்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊரில் சாக்கெட் என்றால் பக்கத்தில் ஸ்விட்ச் இருக்கும். இந்நாட்டுச் சுவர்களில் சாக்கெட்டுக்கு ஸ்விட்ச் கிடையாது, சொருகினால் மின்சாரம், உருவினால் இல்லை, அவ்வளவே. வந்த புதிதில் அது எங்களுக்குப் பெரிய குறையாகத் தோன்றியது. இந்தப் பெட்டியின் ஸ்விட்சே வீட்டில் நாங்கள் பழகிய முறையில் 'தட்டி'ப் போடுகிற ஒரே ஸ்விட்சாக இருந்தது, என் மகன் அதைத் தட்டுவதற்காகவே சட்னி அரைக்கும் நேரத்தில் சமையலறைக்கு வருவான்.

மிக்சியைப் பொறுத்தவரை இதன் செயல்பாட்டில் எனக்குப் பெரிய குறையில்லை. சுவரில் 118 வோல்ட் இருந்தபோது பெட்டியின் வெளியீடு சுமையில்லாமல் 234 வோல்ட் காட்டியது; மிளகாய், மல்லி, தேங்காய் சேர்ந்த மசாலா அரையும்போது 222 வரை இறங்கியது. ஊரில் மாலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் கிடைத்த மின்னழுத்தத்தை அளந்தவள் என்ற முறையில் இது மிக நல்ல எண் என்று சொல்வேன். இங்குள்ள மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி, நம்முடையது 50. மின்மாற்றி அதை மாற்றாது. ஆனால் மிக்சிக்குள் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார், அதற்குச் சுழற்சிக் கணக்கு ஒரு பொருட்டில்லை. மூன்று ஆண்டுகளில் ஒருமுறை பிரஷ் மாற்றினேன், அது எங்கிருந்தாலும் மாற்ற வேண்டியதே.

மின்மாற்றி இரைச்சலிடுமா என்று பலர் கேட்கிறார்கள். சுமையில்லாதபோது அருகே காது வைத்தால் மெல்லிய ரீங்காரம் கேட்கும், அவ்வளவுதான். ஸ்விட்ச் போடும் நொடியில் மட்டும் 'டொக்' என்ற ஓசையுடன் விளக்கு ஒருமுறை மங்கி மீளும். இரும்பு மையம் காந்தமாகும்போது இழுக்கும் மின்னோட்டம் அது. இரைச்சல் மிக்சியுடையதே. மரச் சட்டங்களால் கட்டிய இரண்டாம் மாடிக் குடியிருப்பில் காலை ஆறரை மணிக்கு மிக்சி போட்டால் கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் கூரையில் தட்டுவார். குத்தகை ஒப்பந்தத்தில் இரவு பத்து முதல் காலை எட்டு வரை அமைதி நேரம் என்று போட்டிருந்ததை நாங்கள் அதற்குப் பிறகுதான் படித்தோம். பள்ளிப் பேருந்து 7.50-க்கு. எனவே மறுநாள் சட்னிக்குரியதை முந்தின மாலையே அரைத்துக் குளிர்பெட்டியில் வைப்பது எங்கள் வழக்கமாயிற்று. காலையில் அரைத்த சட்னியின் வாசனை சனி, ஞாயிறுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. இதில் பெட்டியின் தவறு எதுவுமில்லை; ஆனாலும் பெட்டி வாங்கினால் பழைய காலைப்பொழுது அப்படியே திரும்பிவிடும் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

இதைவிட முக்கியமானது பிரேக்கர் கணக்கு. எங்கள் கட்டடம் பழையது. சமையல் மேடையின் மேலுள்ள இரண்டு சாக்கெட்டுகளும் குளிர்பெட்டியும் ஒரே 20 ஆம்பியர் பிரேக்கரில் இருந்தன. இருபது ஆம்பியர் என்று கேட்டவுடன் நம் மனம் 230-ஆல் பெருக்கி நாலாயிரத்துச் சொச்சம் வாட் என்று மகிழும். இங்கே அது 2400 வாட் மட்டுமே. மைக்ரோவேவ் அடுப்பு தனியாகவே 1500 வாட் அளவுக்கு இழுக்கிறது. மிக்சி, மின்மாற்றியின் இழப்பும் சேர்ந்து 900-ஐத் தொடுகிறது. குளிர்பெட்டியின் கம்ப்ரசர் நடுவில் எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். மூன்றும் ஒரே நேரத்தில் நேர்ந்தால் வீட்டின் பாதி இருளில் மூழ்கும். முதல் மாதத்தில் ஐந்து முறை நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் துணி அலமாரிக்குள் இருந்த பிரேக்கர் பெட்டியை நோக்கிக் கைபேசி விளக்குடன் ஓடினோம். பிறகு மைக்ரோவேவ் சுற்றும்போது மிக்சியைத் தொடக்கூடாது என்பது வீட்டின் சட்டமாயிற்று. பிள்ளைகள் இருவரும் இந்தச் சட்டத்தை எங்களைவிடக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். மைக்ரோவேவ் 'பீப்' என்று அடித்ததும் "அம்மா, இப்ப போடலாம்" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

இனி இந்தப் பொருளின் மெய்யான குறைகளுக்கு வருகிறேன். எல்லா முள்ளையும் ஏற்கும் என்று சொல்லப்பட்ட அந்த சாக்கெட்டுகளில் நம் மூன்று உருண்டை முள் பிளக் உட்கார்வதுபோல் தோன்றினாலும் இறுக்கமாக உட்காருவதில்லை, சற்று அசைத்தால் பொறி பறக்கிறது. அது தெரிகிற குறை. தெரியாத குறையை மல்டிமீட்டர்தான் காட்டியது: இரண்டு சாக்கெட்டுகளில் ஒன்றின் எர்த் துளை எதனுடனும் இணைக்கப்படவே இல்லை. பெரிய முள் உள்ளே போகிறது, போய் வெறுமனே நிற்கிறது. பிளாஸ்டிக் உடல் கொண்ட மிக்சிக்கு இதனால் உடனடிக் கேடு இல்லாமல் போகலாம். எஃகு உடல் கொண்ட கிரைண்டரை, ஈரக் கையுடன் வழிக்கிறவர்கள் இதில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். விற்பனையாளருக்கு எழுதினேன், மாற்றுப் பெட்டி அனுப்புவதாகப் பதில் வந்தது, பெட்டி வரவில்லை. கடைசியில் உறையைக் கழற்றி நானே ஒரு பச்சைக் கம்பியை இணைத்தேன். எல்லா வீட்டிலும் இதைச் செய்யத் தெரிந்த ஒருவர் இருக்க மாட்டார் என்பதால், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் கொடுக்கக்கூடிய மதிப்பெண்ணில் பாதியைக் குறைக்கிறேன். வாங்குகிறவர்கள் பெட்டியின் அடியில் யூஎல் அல்லது ஈடிஎல் என்னும் பாதுகாப்புச் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையதில் சிஇ என்ற எழுத்துகள் மட்டுமே இருந்தன. அது ஐரோப்பியச் சந்தைக்காக உற்பத்தியாளர் தாமே போட்டுக்கொள்ளும் அடையாளம், அமெரிக்க ஆய்வுக்கூடம் எதுவும் சோதித்ததற்குச் சான்று ஆகாது.

பின்புறத் தேர்வு ஸ்விட்ச் இரண்டாவது குறை. சிறு திருகாணிமுனையோ விரல்நகமோ போதும், அது இடம் மாறிவிடும். ஒருநாள் மிக்சி மறுபடி அந்த முதல் மாலையைப் போலக் கம்மிய குரலில் சுற்றியது. பிரஷ் போய்விட்டது என்று நினைத்து மிக்சியையே பிரித்து மேசையில் பரப்பியபின்தான், என் மகன் அந்தச் சின்ன ஸ்விட்சை 220-க்குத் தள்ளியிருந்தது தெரிந்தது. இங்கே அப்படித் தள்ளினால் வெளியீடு பாதியாகும், அதோடு முடிந்தது. இதே பெட்டியை 230 வோல்ட் நாட்டுக்கு எடுத்துப்போய், ஸ்விட்ச் 110-இல் நிற்க, சுவரில் சொருகினால் வெளியே வருவது 460 வோல்ட். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அமெரிக்கப் பொருள்களை ஓட்டலாம் என்று இதைச் சுமந்து செல்ல எண்ணுவோர் இந்த வரியை மீண்டும் ஒருமுறை படிக்கவும். அன்று இரவே அந்த ஸ்விட்சின் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

இரண்டாம் ஆண்டு அக்டோபரில் என் அம்மா வந்தார்கள். வருகையாளர் விசாவில் வழக்கமாகக் கிடைக்கும் ஆறு மாதம். அதுவரை கிரைண்டர் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை. மிக்சியில் அரைத்த மாவிலேயே காலம் தள்ளினோம். அம்மா முதல் இட்லியை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கிரைண்டர் எங்கே என்று கேட்டார்கள்.

கிரைண்டருக்கும் இந்த மின்மாற்றிக்கும் பொருத்தமில்லை என்பதை நான் முன்னமே அறிந்திருந்தேன். அறிந்தும் மாட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிரைண்டரில் இருப்பது தூண்டல் மோட்டார். அதன் வேகத்தை மின்சாரத்தின் சுழற்சிதான் தீர்மானிக்கிறது. 50-க்குச் செய்ததை 60-இல் ஓட்டினால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதே சமயம் அழுத்தம் அந்த விகிதத்தில் கூடாததால் மோட்டாரின் முறுக்குவிசை குறையும். ஆக, வேகமாகவும் பலவீனமாகவும் சுற்றும். நடந்ததும் அதுதான். கால் பங்கு உளுந்துக்கு ஒழுங்காக ஓடியது. வழக்கமான அளவைப் போட்டவுடன் கற்கள் புறப்படாமல் உறுமியது, கையால் ஒரு தள்ளு கொடுத்தால் புறப்பட்டு மாவை விளிம்பு வரை விசிறியது. மாவும் சூடேறியது. அம்மா இரண்டு நடையாக அரைத்து, இடையிடையே குளிர்ந்த நீர் தெளித்துச் சமாளித்தார்கள். இட்லி நன்றாகவே வந்தது. ஐந்தாம் மாதம் கிரைண்டரின் கெபாசிட்டர் உப்பி வெடித்துவிட்டது. பெட்டி தன் வேலையான 230 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, ஆகவே இதை அதன் மேல் சுமத்த மாட்டேன். ஆனால் அட்டைப்பெட்டியில் 'எல்லா வீட்டு உபயோகப் பொருள்களுக்கும்' என்று அச்சிட்டு, மோட்டார் வகையைப் பற்றி ஓர் எழுத்தும் எழுதாமல் விற்பதை நேர்மையான விற்பனை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மாவு அரைத்தாயிற்று, புளிக்க வேண்டுமே. நவம்பரில் வீட்டுக்குள் 20 டிகிரி செல்சியஸ். இரவில் ஹீட்டரைக் குறைத்தால் இன்னும் கீழே போகும். கையால் தொட்டால் இளஞ்சூடாக இருந்த மின்மாற்றியின் மேல் மாவுப் பாத்திரத்தை வைத்து, அதன்மேல் ஒரு போர்வையையும் போர்த்தி வைத்திருந்தார்கள் அம்மா. காலையில் நான் பார்த்துப் பதறிப்போனேன். காற்றுத் துளைகளை மூடினால் சூடு உள்ளேயே தங்கிக் காப்புப்பூச்சு உருகும் அபாயம் உண்டு. மாவு பொங்கி வழிந்தால் கேட்கவே வேண்டாம். "ஊர்ல ஸ்டெபிலைசர் மேல வச்சா எவ்வளவு அழகா பொங்கும் தெரியுமா" என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார்கள். பிறகு பாத்திரம் ஓவன் அடுப்புக்குள் போயிற்று. ஓவனைச் சூடாக்காமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டால், குமிழ் விளக்கின் வெப்பத்திலேயே பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடுகிறது. இங்குள்ள தமிழ் வீடுகளில் பலரும் அறிந்த வழிதான். புது ஓவன்களில் எல்இடி விளக்கு இருந்தால் அதற்கும் வழியில்லை.

அந்த இளஞ்சூடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்விட்ச் போட்டு வைத்தால், எதுவும் ஓடாதபோதும் பெட்டி 15 வாட் எடுத்துக்கொள்கிறது. இரவு பகலாக அப்படியே விட்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 11 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனாலும் அரைத்து முடித்ததும் அணைப்பது நல்லது. சுவரிலிருந்து உருவிவிடுவது இன்னும் நல்லது.

ஒவ்வொரு அடுக்ககத்திலும் யாராவது ஒருவர் சொல்லும் யோசனை ஒன்று இருக்கிறது. இந்நாட்டு வீடுகளுக்குள் வருவது இரண்டு 120 வோல்ட் கம்பிகள். துணி உலர்த்திக்கும் மின்னடுப்புக்கும் அவை இரண்டையும் சேர்த்து 240 வோல்ட் கொடுக்கிறார்கள். அந்த சாக்கெட்டிலேயே மிக்சியை மாட்டினால் பெட்டி எதற்கு என்பது யோசனை. எண் பொருந்துகிறது, மற்றது பொருந்தாது. அங்கே இரண்டு கம்பியும் உயிர்க்கம்பி, நம் மிக்சியின் ஸ்விட்ச் ஒன்றைத்தான் துண்டிக்கும், மற்றதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பின்னாலிருக்கும் பிரேக்கரோ 30 ஆம்பியரோ அதற்கு மேற்பட்டதோ, மிக்சியின் மெல்லிய கம்பி எரிந்து தீரும்வரை அது அசையாது. வாடகை வீட்டில் இதைச் செய்து தீப்பிடித்தால் காப்பீட்டாளரிடம் என்ன சொல்வது என்பது தனிக் கேள்வி.

கைபேசி, மடிக்கணினி, கேமரா ஆகியவற்றின் சார்ஜர்களுக்கு இந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம். அவற்றின் மேல் பொடி எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். முள் மாற்றும் அடாப்டர் போதும். இஸ்திரிப் பெட்டி, மின் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றைப் பெட்டி கட்டும்போதே ஊரில் யாருக்காவது கொடுத்துவிடலாம். பிரஷர் குக்கர் எந்த நாட்டு வோல்ட்டையும் கேட்பதில்லை, அதைக் கொண்டுவாருங்கள்.

அப்படியானால் யார் இதை வாங்கலாம்? நல்ல நிலையில் உள்ள மிக்சியை ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டவர்கள் வாங்கலாம். ஓரிரு ஆண்டு வேலைக்காக வந்து ஊருக்குத் திரும்பப்போகிறவர்களுக்கும் இது பொருந்தும், திரும்பும்போது மிக்சி அங்கே நேராக ஓடும். நிலையாகத் தங்க வருகிறவர்கள் வாங்க வேண்டியதில்லை. பிரீத்தி, அல்ட்ரா போன்ற நம் நிறுவனங்களே 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கென்று மிக்சியும் கிரைண்டரும் செய்து அனுப்புகின்றன. எடிசனின் ஓக் ட்ரீ சாலைக் கடைகளில் அவை அடுக்கி வைத்திருக்கின்றன. விலை ஊரில் கொடுப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும், பெட்டியின் விலையையும் எட்டு கிலோவுக்கான மேடை இடத்தையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. கிரைண்டர் விஷயத்தில் இரண்டாவது யோசனையே கூடாது. எங்கள் பழைய கிரைண்டருக்குப் பதிலாக வந்ததும் கோயம்புத்தூரில் செய்ததுதான். அந்த ஊர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு என்று அம்மா புறப்படுமுன் அதைத் தடவிப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார்கள்.

ஆயினும் வந்து சேர்ந்த அந்த முதல் குளிர்காலத்தில் இந்தப் பெட்டியை வாங்கியதற்காக நான் வருந்தியதில்லை. அப்போது பள்ளி புதிது, சாலையின் வலப்பக்கம் புதிது, பிள்ளைகளுக்கு மதிய உணவில் எதைக் கட்டுவது என்பதுகூடப் புதுக் கேள்வி. கணவருக்கு வேலை இருந்தது. எனக்கு வேலை செய்யும் அனுமதி இல்லை. அந்த நாள்களில் மூடியை இடக்கையால் அழுத்திக்கொண்டு, சத்தம் மாறுவதைக் கேட்டே அரைத்தது போதுமா என்று அறியும் என் பழைய மிக்சி மட்டும்தான் நான் கற்றுக்கொள்ளத் தேவையில்லாத பொருளாக இருந்தது.

இந்த ஆண்டு தொடக்கத்தில் 110 வோல்ட் மிக்சியும் வாங்கிவிட்டோம். மின்மாற்றியை, புதிதாக வந்த குடும்பம் ஒன்றுக்குக் கொடுத்தேன். வாங்கிப் போக வந்த தம்பி ஒரு கையால் தூக்கப் பார்த்துவிட்டுப் பிறகு இரண்டு கையும் போட்டார். பின்புற ஸ்விட்சின் மேல் புது டேப் ஒட்டி, எந்த சாக்கெட்டில் எர்த் நன்றாக இருக்கிறது என்பதையும் மேலே எழுதி, கிரைண்டரை மாட்டாதீர்கள் என்று இருமுறை சொல்லி அனுப்பினேன். மைக்ரோவேவ் பற்றிச் சொல்ல மட்டும் மறந்துவிட்டேன். மறுநாள் இரவு எட்டு மணிக்கு அழைத்தார். "அக்கா, வீடே இருட்டாயிடுச்சு" என்றார். பிரேக்கர் பெட்டி துணி அலமாரிக்குள் இருக்கும், பாருங்கள் என்றேன்.